தகடு கட்டிய மோடம்

ஓய்வு பெறும் நாள் வரைக்கும் கம்பெனிக் கணக்கில் நான் ஒரு மோடம் கார்டாக இருந்தேன். இதைச் சொன்னால் இப்போது வேலைக்கு வந்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். மோடம் என்றால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் கோர்த்து, எங்கோ இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் சாமான். இப்போது எல்லாம் காற்றிலேயே சத்தமில்லாமல் போய்விடுகிறது. எங்கள் காலத்தில் கத்திக்கொண்டுதான் போகும்.

சென்ற வாரம் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "ஓசூர்லயே மொதமொதல்ல லினக்ஸ் ஓட்டினது நீங்கதானாமே சார்" என்றார்கள். யார் இந்தப் புரளியைக் கிளப்பியதோ தெரியாது. ஓட்டியது உண்மை. எழுதித் தருகிறேன், ஆனால் ஒரு வரியை வெட்டினாலும் மலரைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. பெயர் மாதையன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ஆயில் பம்ப் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். வெளியூருக்குச் செய்தி அடிக்கும் டெலக்ஸ் மெஷின் ரிப்பேர் ஆனால் என்னைக் கூப்பிடுவார்கள். டெலக்ஸ் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, அதுவும் கரண்டில் ஓடும் சாமான்தானே என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். பெங்களூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே வாத்தியார் கன்னடத்தில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பார், நடுவில் நான் தூங்கிவிடுவேன். திரும்பி வந்ததும் எனக்கு மூன்றாம் ஷெட்டை ஒட்டி 'சிஸ்டம்ஸ்' என்று ஒரு ரூம் கொடுத்தார்கள். முன்னே அது ஃபேன் பெல்ட் வைக்கும் இடம்.

கம்பெனியில் இரண்டு பேரைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஒருவர் ஒர்க்ஸ் மேனேஜர் அனந்தையா. கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார், உணர்ச்சி வந்தால் கன்னடம் வரும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மைக்ரோமீட்டர் இருக்கும். கேண்டீனில் தோசை தடிமனாக இருக்கிறது என்று யாரோ குறைப்பட்டபோது, அங்கேயே எடுத்து அளந்து "அளவுக்குள்ளதான் இருக்கு, சாப்பிடு" என்றவர்.

மற்றவர் ஸ்டோர் கீப்பர் வெங்கடப்பா. வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு. கம்பெனிக்குள் வரும் எந்தச் சாமானுக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண் அடித்த அலுமினியத் தகடு அதன் உடம்பிலேயே இருந்தாக வேண்டும் என்பது விதி. விதி கம்பெனியுடையது, வெறி வெங்கடப்பாவுடையது. லேத்துக்கு ரிவிட் அடிப்பார். நாற்காலிக்கு ஸ்க்ரூ. துளைக்கவும் முடியாது ஒட்டவும் முடியாது என்றால் கட்டுக்கம்பி போட்டு, கட்டிங் பிளேயரால் இறுக்கி முறுக்குவார். "நம்பர் லேது, சாமான் லேது" என்பார். எண் இல்லாவிட்டால் அப்படி ஒரு சாமானே கிடையாது என்று அர்த்தம்.

கேட்டில் ஒரு நாய் இருந்தது. அதன் கழுத்துப்பட்டை கம்பெனிப் பணத்தில் வாங்கியது என்பதால் பட்டைக்குத் தகடு கட்டினார். வருடாந்திரச் சரிபார்ப்பில் பட்டையை மட்டும் தனியாகப் பார்க்க நாய் விடவில்லை. அதனால் நாளடைவில் நாயே அந்த எண்ணில் பதிவாகிவிட்டது. அது செத்தபோது முறைப்படி ஸ்கிராப் போட்டார். காரணம் என்ற இடத்தில் 'இயங்கவில்லை' என்று எழுதி, அனந்தையாவிடம் கையெழுத்தும் வாங்கினார். அனந்தையா எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போட்டார்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் தொண்ணூறுகளின் கடைசியில் அந்த லேப்டாப் வந்தது. எங்களிடம் முதல் தடவையாகப் பம்ப் வாங்க வந்த ஜெர்மனிக்காரர்கள் அனுப்பியது. பெட்டியைத் திறந்தால் உள்ளே லினக்ஸ், கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படைப் புரோகிராம்களில் காசில்லாமல் கிடைப்பது. கூடவே விசிட்டிங் கார்டு அளவில், பிஸ்கட் கனத்தில் இரண்டு கார்டுகள். ஒன்று நெட்வொர்க் கார்டு. மூன்றாம் ஷெட்டில் பம்ப் கசிகிறதா என்று சோதிக்கும் பெஞ்சில் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து கணக்கை எடுக்க அது. இன்னொன்று மோடம். எடுத்த கணக்கை டெலிபோன் வழியாக பெங்களூரில் இருந்த அவர்களுடைய ஆபீஸுக்கு அனுப்ப அது. லேப்டாப்பின் விலாவில் இருந்த இரண்டு பொந்துகளில் இரண்டையும் மேலும் கீழுமாகச் செருக வேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் எலிவால் போல ஒரு வயர் வெளியே தொங்கும்.

அவர்கள் நிபந்தனை ஒன்றுதான். முதல் லாட் பம்புகளின் சோதனைக் கணக்கு சனிக்கிழமைக்குள் அந்த லேப்டாப்பிலிருந்தே வந்து சேர வேண்டும். வரவில்லையென்றால் ஆர்டர் வேறு ஊர்க் கம்பெனிக்கு. ஃபேக்ஸில் அனுப்புகிறோமே என்று கேட்டுப் பார்த்தேன், கூடாது என்றுவிட்டார்கள். ஆர்டர் போனால் மூன்றாம் ஷெட்டை மூடிவிட்டு, அதிலிருக்கும் தற்காலிக ஆட்களைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்வதாக மேலிடத்தில் முடிவு. ஆர்டர் நிலைத்தால் அவர்கள் எல்லோரும் நிரந்தரம்.

சோதனை பெஞ்சில் நின்றது யசோதா. குருபரப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வரும். கல்யாணமான புதிது. அதன் மாமனாருக்கு மருமகள் ஃபேக்டரிக்குப் போவதில் இஷ்டமே இல்லை. "இந்த வேலை போச்சுன்னா வூட்ல மாந்தோப்புக் காவலுக்கு ஒக்கார வெச்சுருவாங்கண்ணா. மறுபடி வெளிய வுடமாட்டாங்க" என்று ஒருநாள் சொல்லியிருந்தது. அதை அது அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். பம்பை இறக்கிவைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னதுதான் மனசில் முள்ளாக நின்றுவிட்டது.

பெட்டி பிரித்த அன்றே வெங்கடப்பா தகடுகளோடு வந்துவிட்டார். லேப்டாப்பின் முதுகில் ஒன்று ஒட்டியாயிற்று. அடுத்து கார்டைக் கையில் எடுத்தார்.

"அண்ணே, அதுல ஒட்டாதீங்க. கனம் கூடிப்போனா பொந்துக்குள்ள ஏறாது" என்றேன்.

"நம்பர் லேது, சாமான் லேது" என்றார்.

பஞ்சாயத்து அனந்தையாவிடம் போயிற்று. மைக்ரோமீட்டர் வெளியே வந்தது. கார்டை அளந்தார், பொந்தை அளக்கப் பார்த்தார், முடியவில்லை. தகட்டை அளந்தார். "ஒட்டினா ஏறாது. மாதையன் சொல்றது சரி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் திரும்பி, "வெங்கடப்பா சொல்றதும் சரி. வால்ல கட்டு" என்றார். வெங்கடப்பா அந்த இடத்திலேயே இரண்டு வால்களிலும் தகட்டைத் தொங்கவிட்டு, கட்டுக்கம்பியைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல் இருந்தது.

பிறகு லினக்ஸோடு என் குடும்பம் ஆரம்பமாயிற்று. இதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கார்டைச் செருகியதும் இரண்டு தடவை பீப் அடிக்கும். முதல் பீப் 'கார்டு வந்துவிட்டது' என்று. இரண்டாவதும் அதே கீச்சுக் குரலில் வந்தால் எல்லாம் சரி. இரண்டாவது கட்டைக் குரலில் வந்தால், 'கார்டு வந்தது, ஆனால் அதோடு என்னால் ஆகாது' என்று அர்த்தம். நெட்வொர்க் கார்டைத் தனியாகச் செருகினால் கீச்சு, கீச்சு. மோடத்தைத் தனியாகச் செருகினாலும் கீச்சு, கீச்சு. இரண்டையும் சேர்த்துச் செருகினால் கீச்சு, கட்டை. நாள் முழுக்க அந்தக் கட்டைக் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொன்றாய் மாற்றிச் செருகலாம்தான். ஜெர்மனிக்காரர்கள் எழுதி வைத்த புரோகிராம் இரண்டும் ஒன்றாய் இருந்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தது.

"பாரப்பா இல்லி" என்று அனந்தையா என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார். கம்பெனியில் என்ன பழுதானாலும் ஐந்து தடவை 'ஏன்' கேட்பது முறை. ஐந்தாவது ஏனுக்கு வரும் பதில்தான் மூலகாரணம். ஒருமுறை டிரில் பிட் உடைந்ததற்கு ஐந்தாவது ஏனில் கேண்டீன் சமையல்காரர் மாட்டிக்கொண்டார், அவருக்கு இன்றுவரை எதற்கு என்று தெரியாது. அனந்தையா சாக்பீஸை எடுத்தார்.

"மோடம் ஏன் வேலை செய்யல?"

"நெட்வொர்க் கார்டோட மோதுது சார்."

"ஏன் மோதுது?"

"வேலை இருக்குன்னு கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒவ்வொரு கார்டும் ஒரு பெல் அடிக்கணும் சார். ரெண்டும் ஒரே பெல்லை அடிக்குது."

"ஏன் ஒரே பெல்லு?"

"மத்த பெல்லெல்லாம் வேற ஆளுங்ககிட்ட இருக்கு சார்."

"ஏன் ரெண்டு கார்டு ஒரே நேரத்துல வந்துச்சு?"

"ஜெர்மனிக்காரங்க அனுப்பினாங்க சார்."

"ஏன் அனுப்பினாங்க?"

எனக்குத் தலை சுற்றியது. "ரெண்டும் ஒத்துமையா வேலை செய்யும்னு நம்பி சார்" என்று சொல்லிவிட்டேன்.

"ஹவுதா? அப்படியா?" என்று கேட்டுவிட்டு, அவர் பலகையில் அழகான கையெழுத்தில் எழுதினார். மூலகாரணம்: நம்பிக்கை. அதற்குக் கீழே, தீர்வு: நம்பிக்கையைக் குறைக்கவும். பொறுப்பு: மாதையன். சத்தியமாக எழுதினார். அந்தப் பலகையை அழிக்க யாருக்கும் தைரியம் வராமல் அது ரொம்ப நாள் அப்படியே கிடந்தது.

ஆனால் மனுஷனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. போகும்போது வாசலில் நின்று, "அந்த மத்த பெல்லு யார் யார்கிட்ட இருக்கு?" என்றார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கீபோர்டுக்கு ஒன்று, டிஸ்குக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று.

"பிரிண்டர் மாட்டியிருக்கா?"

"இல்ல சார்."

"இல்லாத ஆளுக்கு எதுக்கப்பா பெல்லு?"

எனக்கே என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. லினக்ஸில் ஒரு கோப்பில் இந்த பெல்லைத் தொடாதே, அந்த பெல்லை எடுத்துக்கொள் என்று எழுதி வைக்கலாம். பிரிண்டரின் பெல்லைப் பிடுங்கி மோடத்துக்குக் கொடுத்தேன். கார்டுகளைச் செருகினேன். கீச்சு, கீச்சு. கீச்சு, கீச்சு. ஷெட்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நெட்வொர்க் கார்டு சோதனைக் கணக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. இனி மோடம் டயல் பண்ண வேண்டியதுதான் பாக்கி. திரையில் வந்தது: டயல் டோன் இல்லை.

அதே லைனில் போனை மாட்டினால் டயல் டோன் ஜோராக வருகிறது. மோடத்தை மாட்டினால் செத்துக் கிடக்கிறது. நம் ஊர் டோன் ஜெர்மன் மோடத்துக்குப் புரியவில்லையோ என்று, டோனுக்குக் காத்திருக்காதே, கண்ணை மூடிக்கொண்டு டயல் பண்ணு என்று கட்டளை கொடுத்தேன். பண்ணியது. யாருக்குப் பண்ணியதோ, பதிலில்லை. பொத்தானை அமுக்கும் போன் மாதிரி வேண்டாம், பழைய சுழற்றும் போன் மாதிரி பண்ணு என்றேன். அதுவும் பண்ணியது. மோடத்தை இயக்கும் டிரைவர் புரோகிராமை மாற்றினேன். லினக்ஸையே சந்தேகப்பட்டேன். ஓசியில் கிடைக்கும் சாமான் இப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் பிரிவில் பேசிக்கொண்டார்கள். வெங்கடப்பா வந்து, இரண்டு தகடும் வாலில் பத்திரமாகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. எங்கள் கம்பெனியில் ஸ்டூலிலும் தகடு, சுவர்க் கடிகாரத்திலும் தகடு, தண்ணீர் டிரம்மிலும் தகடு. பார்த்துப் பார்த்து யார் கண்ணுக்கும் தகடு என்று ஒன்று தனியாகத் தெரியாது.

சனிக்கிழமையும் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது நான் எழுந்திருக்கவில்லை. யசோதா கதவோரம் வந்து நின்றது.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"பஸ்ஸுக்கு மாசப் பாஸ் இன்னியோட முடியுதுண்ணா. போறப்ப புதுசு எடுத்துக்கட்டா, வேணாமா? திங்கக்கெழம வேலையில்லன்னா பாஸ் எதுக்கோசரம்?"

எனக்கு அந்த நேரத்தில் கையில் ஒன்றுமே இல்லை. திரையில் 'டயல் டோன் இல்லை' என்று வேறு எழுதியிருக்கிறது. எங்கிருந்து அந்த வாய் வந்ததோ, "எடும்மா. தைரியமா எடு" என்று சொல்லிவிட்டேன். சரிங்ணா என்று அது போய்விட்டது.

அது போனதும், அடப்பாவி, என்ன தைரியத்தில் சொன்னாய் என்று என்னையே திட்டிக்கொண்டு, டயல் பண்ணச் சொல்லும் கட்டளையை மறுபடி மறுபடி டைப் அடித்தேன். அடிக்கும்போதெல்லாம் மேஜை ஆடும். மேஜை ஆடும்போதெல்லாம் மோடம் வாலில் தொங்கிய தகடு மேஜைக் காலில் இடித்து டிங் என்றது. டைப் அடித்தால் டிங். நிறுத்தினால் நிற்கும். மறுபடி டிங். அத்தனை நாளும் அது டிங் டிங் என்றுதான் இருந்திருக்கும், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. நாய்க்குக் கட்டியதுபோல் இதற்கும் கட்டி வைத்திருக்கிறானே என்று ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கட்டிங் பிளேயரை எடுத்தேன். கட்டுக்கம்பியை வெட்டினேன். தகட்டைச் சுவரில் வீசினேன். அந்தக் கம்பெனியில் அதுவரை யாரும் தகட்டை அறுத்ததில்லை.

சுவரில் பட்ட சத்தம் அடங்குவதற்குள் லேப்டாப் அலற ஆரம்பித்தது. க்ரீச்ச்ச், கொர்ர், பாங் பாங், மறுபடி க்ரீச்ச். மறுமுனையில் பெங்களூர்க் கம்ப்யூட்டரும் பதிலுக்கு அலறியது. ஷெட்டே ஓடிவந்தது. யசோதா சாப்பாட்டுக் கையோடு வந்து, "யாரண்ணா இப்படிக் கத்தறது?" என்றது. அனந்தையா வந்து அசையாமல் நேராக நின்றார், கொடியேற்றும்போது நிற்பதுபோல. கணக்கு முழுக்கப் போய்ச் சேர்ந்தது என்று திரையில் வரும்வரை அப்படியே நின்றார். அப்புறம் "ஆயித்து" என்றார். அவ்வளவுதான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வாலை எடுத்துப் பார்த்தோம். வெங்கடப்பா முறுக்கிய முறுக்கில் கட்டுக்கம்பி வயரின் தோலைக் கடித்து உள்ளே இறங்கி, இரண்டு செம்புக் கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து ஷார்ட் ஆக்கியிருந்தது. வெட்டியதும் விட்டுவிட்டது. இதற்குத்தான் நான் லினக்ஸின் ஏழு தலைமுறையையும் திட்டியிருக்கிறேன்.

ஆர்டர் நிலைத்தது. ஷெட் பிழைத்தது. தற்காலிகம் எல்லாம் நிரந்தரமாயிற்று. சந்தோஷம் அடங்குவதற்குள் வெங்கடப்பா தகட்டோடும் புதுக் கட்டுக்கம்பியோடும் வந்தார். நம்பர் இல்லாத சாமானிலிருந்து கணக்கு போயிருக்கிறது, ஆடிட்டில் கேட்டால் என்ன சொல்வது என்றார். அந்தக் கம்பி மறுபடி வாலில் ஏறினால் நான் ராஜினாமா என்று கத்தினேன். "அயிதே நம்பர் எக்கட பெட்டேதி சார்? எங்க வெக்கறது?" என்று அவர் அனந்தையாவிடம் முறையிட்டார். பாவம், நிஜமாகவே தவித்தார்.

அனந்தையா யோசித்தார். "மோடம் எங்க இருக்கோ மாதையன் அங்க இருப்பான். தகடு மாதையன்கிட்ட இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்றிலிருந்து அது என் சாவிக்கொத்தில். சரிபார்ப்புக்கு வரும் ஆள் மோடம் கார்டு என்று வாசிப்பார், நான் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டுவேன், என்னைப் பார்த்து டிக் அடிப்பார். பிறகு ஜெர்மனிக்காரர்கள் லேப்டாப்பையும் கார்டுகளையும் திருப்பி எடுத்துக்கொண்டு போன அன்று நான் சிங்காரப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். மற்ற தகடுகளையெல்லாம் கழற்றிக் கணக்கை முடித்துவிட்டார்கள். மோடத்தின் தகடு கல்யாணப் பந்தியில் என் இடுப்பில் இருந்தது. ஆகவே கம்பெனியைப் பொறுத்தவரை மோடம் போகவில்லை. வருடாவருடம் எனக்கு டிக் விழுந்துகொண்டே இருந்தது. அனந்தையாவும் வெங்கடப்பாவும் ஓய்வு பெற்றுப் போன பிறகும் விழுந்தது.

என் கடைசி நாளில் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க ஸ்டோருக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தது யசோதா. பெஞ்சிலிருந்து படிப்படியாக ஏறி வந்து வெங்கடப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. விதியில் வெங்கடப்பாவை விடக் கறார்.

"அண்ணா, உங்க பேர்ல மோடம் கார்டு ஒண்ணு பாக்கி நிக்குதே" என்றது.

தகட்டைக் காட்டினேன். தகடு மட்டும் வந்தால் வாங்க முடியாது, சாமானோடு வர வேண்டும் என்றது. சாமான் நான்தான் என்றேன். அப்படியானால் என்னை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கிராப் போட வேண்டும் என்றது.

"போட்டுடும்மா. நாய்க்கே போட்டிருக்கோம். இயங்கவில்லைன்னு எழுது" என்றேன் சிரித்துக்கொண்டு.

அது சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தது, வைத்தது. முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சுண்ணா பேசறீங்க? ஒண்ணுமே வேலை செய்யாதப்ப, தைரியமா பாஸ் எடுன்னு சொன்ன ஆளு நீங்க. நான் எடுத்துட்டுப் போய் எங்க மாமனார்கிட்ட காட்டினேன், தெரியுமா? உங்களப் போயி ஸ்கிராப்புன்னு என் கையால எழுதணுமா?" என்றது. குரல் உடைந்துவிட்டது. 

பிறகு என் சாவிக்கொத்தை வாங்கித் தகட்டைக் கழற்றி, தன் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டது. புத்தகத்தில் என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியது. பாக்கி இல்லை என்று எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

மலர் கேட்டு வந்தவர்களிடம், யசோதா எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். இந்த வருடச் சரிபார்ப்புக்கு வந்த புது ஆடிட்டர், மோடம் கார்டு எங்கே என்று கேட்டாராம். அது எழுந்து நின்று சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டியதாம். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, நிலை என்ற இடத்தில் 'நன்றாக இயங்குகிறது' என்று எழுதி டிக் அடித்தாராம்.